வித்தறிந்து உண்ணும் காளான்

பருப்பும் பயறும் இறைச்சியும் விலையேறும்போதெல்லாம் புரதத்துக்கு வேறு வழி யாது என்று தேடத் தொடங்கும் குடும்பங்களுக்கு, வைக்கோலும் தண்ணீரும் ஓர் இருட்டறையும் இருந்தால் ஒரு மாத காலத்துக்குள் கறிக்கு உதவும் பதார்த்தம் கிடைத்துவிடும் என்று சொல்லத்தக்க உணவு காளான் ஒன்றுதான். ஆயினும், மழைக்காலத்தில் வேலியோரத்திலும் தோப்பு நிழலிலும் தானாக முளைத்த காளானை அறியாமல் பறித்துச் சமைத்து உண்டவர்கள், சில தினங்களுக்குள் ஈரல் அழிந்து மாண்டுபோன செய்திகளும் ஆண்டுதோறும் நம் காதுக்கு வந்துகொண்டேயிருக்கின்றன. முதற் செய்தியை மட்டும் கேட்டவர்கள் அளவு கடந்து துணிகிறார்கள். இரண்டாவதை மட்டும் கேட்டவர்கள் காளான் என்றாலே அஞ்சி ஒதுங்குகிறார்கள். இரு சாராருக்கும் இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது, வித்து இன்னதென்று தெரிந்த காளானைத் தயக்கமின்றி உண்ணலாம் என்பதும், வித்துத் தெரியாத காளானை எந்தப் பரீட்சையையும் நம்பி உண்ணலாகாது என்பதுமேயாகும். பின்வரும் பக்கங்களில் கூறப்படும் வளர்ப்பு முறை, சமையல் முறை, அபாயக் குறிகள் ஆகிய யாவும் இந்த ஓர் அடிப்படையின் மேல் எழுந்தவை.

காளான் செடியினம் அன்று. பச்சையம் என்னும் பொருள் அதனிடம் இல்லாமையால், சூரிய ஒளியைக் கொண்டு தன் ஆகாரத்தைத் தானே ஆக்கிக்கொள்ளும் சக்தி அதற்கு இல்லை; மக்கிய இலை, வைக்கோல், மரக்கட்டை முதலிய பொருள்களுக்குள் நூலினும் நுண்ணிய வெள்ளிழைகளைப் பரப்பி, அவ்விழைகள் சுரக்கும் நொதிகளால் அவற்றைக் கரைத்து உறிஞ்சியே அது வாழ்கிறது. நாம் பறித்துச் சமைக்கும் குடைப்பகுதி, உள்ளே பரவியுள்ள இழைக் கூட்டமானது ஸ்போர் எனப்படும் நுண்தூளைக் காற்றில் தூவுவதற்காகச் சில தினங்களுக்கு மட்டும் வெளியே நீட்டும் உறுப்பாகும். மனிதனுக்குச் சற்றும் ஜீரணமாகாத வைக்கோலை மனிதன் உண்ணத்தக்க பொருளாக மாற்றித் தரும் இந்த ஆற்றலினாலேயே, நிலமில்லாத குடும்பமும் காளான் பயிரிட முடிகிறது. விளைச்சல் முடிந்தபின் எஞ்சும் வைக்கோலும் உரக்குழிக்குப் போய் நல்ல எருவாகிவிடுகிறது.

போஷணையைப் பற்றிச் சொல்லும்போது உள்ளதை உள்ளபடி சொல்வது அவசியம். இறைச்சிக்கு நிகரான புரதம் காளானில் உண்டு என்று பலரும் எழுதுவதை அப்படியே ஏற்பதற்கில்லை. புதிதாகப் பறித்த காளானில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நீர்தான். 100 கிராமில் உள்ள புரதம் 2 முதல் 3 கிராம் மட்டுமே. அந்த நீர் முழுதும் வற்றும்படி உலர்த்திய பிறகே 100 கிராமுக்கு 20 முதல் 30 கிராம் என்ற கணக்கு வருகிறது. உலர்ந்த காளானுக்குரிய இந்தக் கணக்கை ஈரக் காளானுக்கு ஏற்றிச் சொல்வதனாலேயே மக்கள் ஏமாறுகிறார்கள். உணவிலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்கிப் புரதத்தை நிர்ணயிக்கும் வழக்கமான முறையும் இங்கே பொருந்தாது. காளானின் உயிரணுச் சுவரிலுள்ள கைட்டின் என்னும் பொருளிலும் நைட்ரஜன் கலந்திருப்பதால், 4.38 ஆல் பெருக்குவதே விஞ்ஞானிகள் கைக்கொள்ளும் வழக்கம். ஆகவே பருப்பை அறவே நிறுத்திவிட்டுக் காளானை உண்பது புத்தியாகாது. அரிசிச் சோற்றில் குறைவாக உள்ள லைசின் என்னும் அமினோ அமிலம் காளானில் போதிய அளவு உண்டாதலின், சோற்றோடும் பருப்போடும் மூன்றாவதாக அது சேரும்போதுதான் அதன் முழுப் பிரயோஜனமும் தேகத்துக்குக் கிட்டும். கொழுப்பு மிகக் குறைவு. பி வர்க்க வைட்டமின்கள் சிலவும் பொட்டாசியமும் நிரம்ப உண்டு. காளானிலுள்ள எர்கோஸ்டிரால் என்னும் பொருள் வெயில் பட்டவுடன் வைட்டமின் டி2 ஆக மாறும் இயல்புடையது. நறுக்கிய காளானை, குடையின் அடிப்புறத்து மடல்கள் மேல்நோக்கி இருக்கும்படி பரப்பி, சமைப்பதற்கு முன் உச்சிவேளை வெயிலில் அரைமணி நேரம் வைத்தால், பெரும்பாலான காய்கறிகளில் கிடைக்காத இந்தச் சத்தை வீட்டிலேயே உண்டாக்கிக்கொள்ளலாம். பி12 வைட்டமினுக்காக மட்டும் சைவ உணவினர் காளானை நம்பியிருத்தல் கூடாது.

பூசணங்களை உணவாக்கும் முயற்சி குடைக்காளானோடு நின்றுவிடவில்லை. 1960களில், உலகத்தில் புரதப் பஞ்சம் வரப்போகிறது என்ற அச்சம் பரவியிருந்த காலத்தில், ரேங்க் ஹோவிஸ் மக்டூகல் என்னும் ஆங்கிலேய மாவு வியாபாரக் கம்பெனியார் பல தேசத்து மண்ணைப் பரிசோதித்து வந்து, முடிவில் தங்கள் நாட்டிலேயே மார்லோ என்னும் ஊர் மண்ணில் பியூசேரியம் வெனனேட்டம் என்ற பூசணத்தைக் கண்டெடுத்தார்கள். பெருங்கொப்பரைகளில் சர்க்கரைக் கரைசலை ஊட்டி வளர்க்கப்படும் அதன் இழைகளே, நீண்டகாலச் சோதனைகளுக்குப் பிறகு 1985 முதல் குவார்ன் என்ற பெயரில் இறைச்சிக்கு மாற்றாக விற்பனைக்கு வந்தன. வேகமாக வளரும் இழைகளில் ஆர்.என்.ஏ. என்னும் பொருள் மிகுதியாக இருக்கும். அது தேகத்தில் யூரிக் அமிலமாக மாறி மூட்டு வலியையும் சிறுநீரகக் கற்களையும் உண்டாக்கும். ஆதலால் அறுவடையானவுடன் அவ்விழைகளைச் சூடாக்கி, அந்த ஆர்.என்.ஏ.யின் பெரும் பகுதியைக் கரைத்து வெளியேற்றிய பின்னரே உணவாகச் சேர்க்கிறார்கள். நம் வீட்டுக் காளானில் அந்த அளவு மிகுதி இல்லையென்றாலும், யூரிக் அமிலத்தால் மூட்டு நோயுற்றவர்கள் எவ்வளவு உண்ணலாம் என்று வைத்தியரைக் கேட்டுக்கொள்வது நலம்.

இனி நம் நாட்டில் விளையும் வகைகளைப் பார்ப்போம். கோயம்புத்தூரில் 1943 ஆம் ஆண்டிலேயே வைக்கோல் காளானைப் பயிரிடும் முறை ஆராயப்பட்டது என்பதிலிருந்து, இத்துறையில் தமிழ்நாட்டுக்குள்ள தொன்மை விளங்கும். மொட்டுக் காளான் குளிர்ந்த சீதோஷ்ணத்தையும் பக்குவமாக மக்கிய உரத்தையும் வேண்டுவதாகையால், நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப் பிரதேசங்களிலும் குளிரூட்டிய கூடங்களிலும் மட்டுமே செழிக்கிறது. சமவெளிக்கு ஏற்றவை சிப்பிக் காளானும் பால் காளானும். வங்காளத்தில் கண்டறியப்பட்டு 1974 இல் விவரிக்கப்பட்ட பால் காளானை, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்தின் வழியாக 1998 இல் ஏபிகே 2 என்ற ரகமாக வெளியிட்டார்கள். 30 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணத்தையும் தாங்கி விளைவதும், பறித்தபின் பல நாட்கள் வாடாதிருப்பதும் அதன் விசேஷ குணங்கள். ஆனால் அதன் படுக்கைக்கு மேல் பதப்படுத்திய மண்ணைப் பரப்பும் வேலை ஒன்று கூடுதலாக இருப்பதால், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குச் சிப்பிக் காளானையே நான் சிபாரிசு செய்வேன்.

சிப்பிக் காளானுக்கு வேண்டிய முதற் பொருள் நல்ல வித்து. வேகவைத்த சோள மணிகளின் மேல் தூய காளான் இழையைப் பரவவிட்டுப் புட்டிகளிலும் பைகளிலும் அடைத்து விற்கப்படுவதே காளான் வித்து எனப்படும். வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலோ, வேளாண் அறிவியல் நிலையங்களிலோ, அங்கே பயிற்சி பெற்ற வித்து உற்பத்தியாளர்களிடமோ அதை வாங்க வேண்டும். வாங்கும்போது புட்டியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு சோள மணியும் பஞ்சு போர்த்தியதுபோல வெண்மையாக இருந்து, மூடியைத் திறந்தால் புதுக் காளானுக்குரிய மென்மணம் வீசுமானால் அது நல்ல வித்து. ஓரிடத்திலேனும் பச்சையோ கறுப்போ தென்பட்டாலும், அடியில் மஞ்சள் நீர் கட்டியிருந்தாலும், புளித்த வாடை வந்தாலும் விலை குறைவென்று கருதி வாங்கிவிடாதீர்கள். இந்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் வித்தறிதல் என்று சொன்னதன் முதற் படி இதுதான்.

மழையில் நனையாத, மஞ்சள் நிறமுள்ள, அவ்வாண்டு அறுவடையான வைக்கோலை இரண்டு அங்குல அளவுக்குக் குறைவாக நறுக்கி, ஐந்து மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் கொதிக்க வைக்க வேண்டும். கார்பென்டசிம், பார்மலின் முதலிய ரசாயனங்களில் ஊறவைத்துத் தொற்று நீக்கும் முறையைப் பெரும் பண்ணையார் சிலர் கையாளுகிறார்கள். அளவறிந்து செய்வோர்க்கு அது சௌகரியமாக இருக்கலாம், ஆனால் குழந்தைகள் நடமாடும் வீட்டில், வீட்டாரே உண்பதற்காக வளர்க்கும் காளானுக்குக் கொதிநீரை விட்டு விஷ மருந்தைத் தேடுவதற்கு எவ்வித நியாயமும் இல்லை. வெந்த வைக்கோலைச் சுத்தமான விரிப்பில் நிழலில் உலர்த்தி, ஒரு கைப்பிடி எடுத்து இறுகப் பிழிந்து பார்க்க வேண்டும்; உள்ளங்கை ஈரமாகி, விரலிடுக்கில் ஒரு சொட்டும் வழியாமல் இருக்கும் பதமே சரியான பதம். ஈரம் மிகுந்தால் வைக்கோல் அழுகும். குறைந்தால் இழை பரவாது. ஆரம்பத்தில் படுக்கை வீணாகிறவர்களில் பெரும்பாலோர் இந்தப் பதம் வருமுன் அவசரப்பட்டு வித்திட்டவர்களே.

இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் உள்ள பாலித்தீன் பையின் அடியைக் கட்டி, இரண்டு அங்குல உயரத்துக்கு வைக்கோலைப் பரப்பி, அதன் ஓரமாக ஒரு பிடி வித்தைத் தூவி, மீண்டும் வைக்கோல், மீண்டும் வித்து என்று நான்கைந்து அடுக்குகள் வைத்து, கையால் அழுத்தி வாயைக் கட்டிவிட வேண்டும். காற்றுக்காகப் பையின் நடுவில் எதிரெதிரே இரண்டு துளைகள் போதும். நேர் வெளிச்சம் படாத அறையில் உறிகளில் தொங்கவிட்டால், பதினைந்து முதல் இருபது நாட்களுக்குள் பை முழுதும் வெண்மையாகிவிடும். அப்போது பாலித்தீனைக் கிழித்தெடுத்துவிட்டு, வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள குளிர்ந்த இடத்துக்கு மாற்றி, காலையும் மாலையும் கைத்தெளிப்பானால் தண்ணீர் தெளித்து வரவேண்டும். தரையில் மணல் பரப்பி நனைத்து வைத்தாலும், சுற்றிலும் ஈரச் சாக்குகளைத் தொங்கவிட்டாலும் அறையின் ஈரப்பதம் குறையாது. சில நாட்களில் குண்டூசித் தலை அளவில் மொட்டுகள் தோன்றி, மூன்று நான்கு நாட்களில் சிப்பி வடிவாக விரியும். விளிம்பு மேல்நோக்கிச் சுருளுமுன், கொத்தின் அடியைப் பிடித்துத் திருகி எடுக்க வேண்டும். ஒரு வார இடைவெளியில் இரண்டாம் மூன்றாம் பறிப்புகளும் கிடைக்கும். உலர்ந்த வைக்கோலின் எடைக்குச் சமமான எடையில் காளான் எடுத்தால் அது நல்ல விளைச்சல்.

விளிம்பு சுருளுமுன் பறிக்க வேண்டும் என்று சொல்வது சுவைக்காக மட்டுமன்று. முற்றிய சிப்பிக் காளான் ஒரே இரவில் எண்ணிலடங்காத ஸ்போர்களை உதிர்க்கும். விடியற்காலையில் அறைக்குள் நுழைந்தால் புகை மூட்டம்போல அவை மிதப்பதைக் கண்ணாலேயே காணலாம். அக்காற்றைத் தினமும் சுவாசிப்பவர்களுக்கு நாளடைவில் காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சுத் திணறல் ஆகியவற்றோடு கூடிய நுரையீரல் ஒவ்வாமை உண்டாவது மருத்துவ நூல்களில் பதிவாகியுள்ள நோய். ஆஸ்துமா உள்ளவர்கள் காளான் அறைக்குள் வேலை செய்யலாகாது. மற்றவர்களும் முகக்கவசம் அணிந்து, கதவு சன்னல்களைச் சற்று நேரம் திறந்து வைத்த பின் உள்ளே செல்ல வேண்டும். வீட்டின் படுக்கையறையிலோ குழந்தைகள் உறங்கும் கூடத்திலோ படுக்கைகளைத் தொங்கவிடுவது கூடவே கூடாது.

நம் வித்தை இட்ட படுக்கையில் நம் காளான்தான் முளைக்கும் என்று உறுதி சொல்வதற்கில்லை. வைக்கோல் சரியாக வேகாவிட்டால், காம்பு நீண்டு, சாம்பல் நிறத்தில் மெல்லிய தொப்பியுடன் மைக்காளான்கள் முளைத்து, ஒரு நாளைக்குள் கரிய மையாகக் கரைந்து வழியும். இவ்வினத்தில் ஒரு வகை, மது அருந்துகிறவர்கள் உண்டால் முகம் சிவந்து நெஞ்சு படபடக்கச் செய்யும் பொருளை உடையது. ஆகையால் படுக்கையில் வித்துக்குரிய வடிவத்தில் இல்லாத எதுவும் குப்பைக்குரியதேயன்றிக் குழம்புக்குரியதன்று. பச்சைப் பூசணம் படர்ந்த படுக்கையையும் சுரண்டிச் சுத்தம் செய்ய முயலாமல், அறைக்கு வெளியே கொண்டுபோய்ப் புதைத்துவிட வேண்டும். இந்தக் கண்டிப்புக்குக் காரணமான துயரங்கள் உலகில் நிகழ்ந்திருக்கின்றன. ஜாவாத் தீவின் பான்யுமாஸ் பகுதியில், தேங்காய்ப் பிண்ணாக்கின் மேல் ரைசோபஸ் என்னும் நல்ல பூசணத்தை வளர்த்துச் செய்யும் டெம்பே போங்க்ரெக் என்ற மலிவான பண்டம், ஏழைகளின் அன்றாட உணவாயிருந்தது. அதில் நல்ல பூசணம் சரியாகப் பரவாத வேளைகளில் வேறொரு பாக்டீரியா புகுந்து போங்க்ரெக்கிக் அமிலம் என்னும் கொடிய விஷத்தை உண்டாக்க, அநேகம் பேர் உயிரிழந்தார்கள். முடிவில் அரசாங்கம் அந்தப் பண்டத்தின் தயாரிப்பையே தடைசெய்ய நேர்ந்தது.

பறித்த காளானைக் காற்றுப் புகாத உறையில் இறுக்கமாகக் கட்டி வைக்காதீர்கள். காளான் பறித்த பிறகும் சுவாசித்துக்கொண்டிருப்பதால், உறைக்குள் உள்ள பிராணவாயு தீர்ந்து, அவ்வாயு இல்லாத இடத்தில் மட்டுமே வளரும் பாட்டுலிசக் கிருமிக்கு அங்கே இடம் உண்டாகிவிடும். கடைகளில் விற்கும் உறைகளில் துளையிட்டிருப்பது இதன் பொருட்டே. காகிதப் பையிலோ துளையிட்ட உறையிலோ போட்டுக் குளிர்பெட்டியில் வைத்து, சிப்பிக் காளானை இரண்டு மூன்று நாட்களுக்குள் சமைத்துவிட வேண்டும். பிசுபிசுப்பும் துர்நாற்றமும் வந்துவிட்டால் கழுவிச் சமைப்பது பயன் தராது. காளானை எண்ணெயிலோ உப்புநீரிலோ இட்டு வீட்டிலேயே புட்டியில் அடைத்து மாதக்கணக்கில் வைக்கும் ஆசையும் வேண்டாம். நீண்ட நாள் வைக்க விரும்பினால், ஒடித்தால் முறுக்கைப் போல நொறுங்கும் அளவுக்கு உலர்த்தி, ஈரம் புகாத பாத்திரத்தில் வைப்பதே தகுந்த வழி.

பச்சைக் காளானை உண்ணும் வழக்கம் இப்போது சிலரிடம் பரவி வருகிறது. அதை நான் ஆதரிக்க மாட்டேன். இறாலின் ஓட்டிலுள்ள அதே கைட்டின்தான் காளானின் உயிரணுச் சுவரிலும் இருக்கிறது. நன்றாக வெந்தாலன்றி அது எளிதில் ஜீரணிக்காது. ஷிடாகே என்னும் ஜப்பானியக் காளானை அரைவேக்காட்டில் உண்டவர்களுக்கு, முதுகில் சாட்டையடி பட்டதுபோன்ற சிவந்த தடிப்புகள் தோன்றுவதை அந்நாட்டு மருத்துவர்கள் விவரித்திருக்கிறார்கள். சிப்பிக் காளானை நார் வாக்கில் கையால் கிழித்து, வெங்காயமும் மிளகும் வதங்கிய வாணலியில் இட்டால், முதலில் அது தன் நீரை விட்டு மிதக்கும். அந்த நீர் முழுதும் வற்றி, ஓரங்கள் பொன்னிறமாகும் வரையில் அடுப்பை விட்டு இறக்காதீர்கள். முதன்முதலாக உண்பவர்கள் ஒரு வேளைக்குச் சிறிதளவே உண்டு, மறுநாள் வரை தேகம் அதை ஏற்கிறதா என்று கவனித்து, பிறகு அளவைக் கூட்டலாம். நல்ல காளானும் சிலருக்கு ஒவ்வாமையைத் தரும்.

இனிக் காட்டுக் காளானைப் பற்றிய பகுதி. இடி இடித்த மறுநாள் புற்றடியில் முளைக்கும் புற்றுக்காளானைத் தேடிப் போவது நம் கிராமங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். கறையான்கள் தம் புற்றுக்குள் தோட்டம்போல வளர்க்கும் பூசணத்திலிருந்து எழும் அக்காளானை, மனிதன் இன்றுவரை படுக்கையிட்டுப் பயிராக்க முடியவில்லை; அதன் ருசியும் வேறெதற்கும் இல்லை. காம்பு வேர்போல நீண்டு மண்ணுக்குள் புற்று வரை செல்வது அதன் அடையாளம். தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் அதைப் பறித்துவரும் மலைவாசிகளிடத்தும் கிராமத்துப் பெரியவர்களிடத்தும் உள்ள அறிவு மதிக்கத்தக்கது. ஆனால் அவ்வறிவு அந்த மண்ணுக்கும் அந்தக் கண்ணுக்கும் உரியது. புத்தகத்தில் படித்தோ, படத்தைப் பார்த்தோ, கைபேசிச் செயலியில் ஒப்பிட்டோ இன்னொருவர் அதை அடைந்துவிட முடியாது. வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தவர்களுக்கு அந்த அறிவே எமனாக வந்த கதையும் உண்டு. தென்கிழக்காசியாவிலிருந்து அமெரிக்காவின் கலிபோர்னியாவில் குடியேறிய சிலர், தம் நாட்டில் உண்டு பழகிய வைக்கோல் காளான் என்று எண்ணி, முட்டை வடிவிலிருந்த அமனிட்டா பல்லாய்டிஸ் என்னும் மரணக் காளானைப் பறித்து உண்டார்கள். இரண்டுக்கும் அடியில் பை போன்ற உறை உண்டு. இளமையில் இரண்டும் ஒரே தோற்றம். தொப்பியைக் காகிதத்தின்மேல் கவிழ்த்து ஒரு கிண்ணத்தால் மூடி இரவு முழுதும் வைத்தால், வைக்கோல் காளான் இளஞ்சிவப்பாகவும் மரணக் காளான் வெண்மையாகவும் ஸ்போர் படிவை விடும். இவ்வேற்றுமை அறிஞர்களின் ஆராய்ச்சிக்கு உதவுமேயன்றி, வீட்டுச் சமையலுக்கு அனுமதிச் சீட்டாகாது.

வெள்ளிக் காசைப் போட்டுக் கொதிக்க வைத்தால் விஷக் காளான் காசைக் கறுக்கச் செய்யும், பூண்டின் நிறம் மாறும், புழு அரித்த காளானில் விஷம் இராது, வெண்மையானது நல்லது, வண்ணமுள்ளதே தீயது என்று வழங்கும் பரீட்சைகளில் ஒன்றுகூட உண்மையன்று. மரணக் காளான் வெள்ளியைக் கறுக்கச் செய்வதில்லை; புழுக்களும் நத்தைகளும் அதைத் தின்று உயிரோடிருக்கின்றன; தப்பிப் பிழைத்தவர்களில் பலர் அதன் ருசி இனிதாயிருந்ததாகவே சொல்லியிருக்கிறார்கள். அதன் அமடாக்சின் என்னும் விஷம் கொதிக்க வைத்தாலும் உலர்த்தினாலும் அழிவதில்லை. அமனிட்டா குலத்துக் காளான்கள் இந்திய மண்ணிலும் உண்டு. 2022 ஏப்ரல் மாதத்தில் அஸ்ஸாமில் காட்டுக் காளானை உண்டு 13 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர் என்பதை எண்ணும்போது மனம் வேதனைப்படுகிறது. கூலி போதாத வீட்டில், இலவசமாகக் கிடைத்த கறியே உயிரைக் கொண்டுபோயிற்று.

நம் புல்வெளிகளில் மழைக்குப் பின் வெள்ளைக் குடைபோல, நடுவில் பழுப்புச் செதில்களோடு பெரிதாக விரிந்து நிற்கும் குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ் என்பதையும் குறிப்பிட வேண்டும். உண்ணத்தக்க காளானைப் போலவே தோன்றும் இது, முற்றும்போது மடல்கள் பசுமை கலந்த சாம்பல் நிறமாவதால் வேறுபடுகிறது. உண்ட சில மணிக்குள் கடும் வாந்தியையும் பேதியையும் உண்டாக்கும். இன்னொரு புறம், கொடைக்கானல் போன்ற இடங்களில் போதைக்காகக் காளான் தேடும் இளைஞர்களுக்கு, அதை வைத்திருப்பதே சட்டப்படி குற்றம் என்பதோடு, ஒத்த தோற்றமுள்ள விஷக் காளான்கள் அதனோடு கலந்து வரும் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

காட்டுக் காளானை உண்டபின் வயிற்றில் உபாதை தோன்றினால் முதலில் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியது உண்ட நேரம். ஓரிரு மணிக்குள் வாந்தி வருமானால் பெரும்பாலும் அது குடலை வருத்தும் வகை. உண்டு ஆறு மணி நேரத்துக்கு மேல், பன்னிரண்டு மணி நேர அளவில் தொடங்கும் வாந்தி பேதிதான் ஈரலை அழிக்கும் வகைக்கு உரிய குறி. ஒரே கறியில் பலவகைக் காளான் கலந்திருக்கக் கூடுமாதலால், சீக்கிரம் வாந்தி வந்துவிட்டது என்று ஆறுதல் கொள்ளவும் இடமில்லை. உப்புக் கரைசல் கொடுத்து வாந்தியெடுக்கச் செய்வது, மோர், புளிக்கரைசல் முதலிய கைவைத்தியங்களில் பொழுதைப் போக்குவது ஆகியவற்றை விட்டு, 108 ஐ அழைத்து, பெரிய அரசு மருத்துவமனைக்கே நேராகக் கொண்டு செல்ல வேண்டும். உடன் உண்டவர்கள் சௌக்கியமாக இருப்பதாகச் சொன்னாலும் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். சமைக்காமல் மீந்த காளான் இருந்தால் அதையும், பறித்த இடத்தில் மிச்சமிருந்தால் அடிக்கிழங்கோடு தோண்டியெடுத்த ஒன்றையும், பாலித்தீனில் அல்லாமல் காகிதத்தில் சுற்றி எடுத்துச் செல்ல வேண்டும்; ஒன்றுமில்லாவிடில் மீந்த கறியையேனும் எடுத்துச் செல்லலாம்.

ஈரலை அழிக்கும் இந்த விஷத்தின் மிகக் கொடிய இயல்பு, இரண்டாம் நாளில் வாந்தியும் பேதியும் தாமாகவே நின்று நோயாளி எழுந்து உட்காரும் தெளிவு நிலையைக் காட்டுவது. அந்த வேளையில் விஷம் ஈரலின் உயிரணுக்களில் புதிய புரதம் உண்டாகும் வேலையைத் தடுத்துக்கொண்டிருக்கும். மூன்றாம் நாளிலிருந்து கண் மஞ்சளித்து, இரத்தம் உறையாமல், நினைவு தடுமாறத் தொடங்கும். இரத்தத்தின் மூலம் ஈரலின் நிலையை அன்றன்று பரிசோதித்து, வேளையோடு மருந்தும் திரவமும் ஏற்றி, தேவையானால் ஈரல் மாற்றுச் சிகிச்சைக்கு உரிய இடத்துக்கு அனுப்பும் வசதி மருத்துவமனையில்தான் உண்டு. ஆகவே நோயாளி பசிக்கிறது என்று கேட்டாலும், வீட்டுக்குப் போகலாம் என்று வற்புறுத்தினாலும், ஈரல் பரிசோதனைகள் சரியாக இருக்கின்றன என்று மருத்துவர் தம் வாயால் சொல்லும் வரையில் உறவினர்கள் அவரை அழைத்து வரலாகாது.